ஆஸ்துமா இருக்கற அம்மாவ ஹகோனே எரிமலைப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிட்டுப் போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, கொஞ்சம் நீளமான கேள்வி, படிச்சிடறேன். "அண்ணா, ஏப்ரல்ல அம்மா அப்பாவையும் கூட்டிட்டு ஜப்பான் வர்றோம், ஹகோனேல புகை வர்ற அந்த ஓவாகுதானி பள்ளத்தாக்குக்கு ரோப்வேல போகணும்னு எனக்கு ரொம்ப ஆசை, ஆனா அம்மாவுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் எடுக்கறாங்க, கூட்டிட்டுப் போகலாமா? எரிமலை திடீர்னு வெடிச்சிடாதா? கருப்பு முட்ட சாப்பிட்டா ஏழு வருஷம் ஆயுசு கூடும்னு சொல்றாங்களே, நெஜமா? அப்புறம் அந்த வெந்நீர்க் குளியல் அம்மாவுக்கு ஒத்துக்குமா?" ஒண்ணுன்னு சொல்லிட்டு நாலு கேள்வி கேட்டுட்டீங்க, பரவால்ல, நாலும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டதுதான்.

மொதல்ல நேரா பதில சொல்லிடறேன். அம்மாவ ஹகோனேவுக்கு தாராளமா கூட்டிட்டு வாங்க. ஓவாகுதானிக்கு மட்டும் வேணாம். இது நானா பயந்துகிட்டு சொல்றது இல்லங்க, அங்க ரோப்வே ஸ்டேஷன்லயே போர்டு வெச்சிருக்காங்க, ஆஸ்துமா, மூச்சுக்குழாய் பிரச்சன, இதய நோய், பேஸ்மேக்கர் வெச்சவங்க, கர்ப்பிணிங்க, கைக்குழந்தைங்க இவங்கல்லாம் வர வேணாம்னு. நம்ம ஆளுங்க அத போட்டோ எடுத்துட்டு உள்ள போறாங்க, அது வேற கத.

ஏன் ஆஸ்துமாக்காரங்களுக்குக் குறிப்பா சொல்றாங்கன்னா, அங்க தரையில இருந்து வர்றது வெறும் நீராவி இல்ல. ரெண்டு கேஸ் அதுல முக்கியம். ஒண்ணு ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்ட வாசனன்னு எல்லாரும் சொல்வாங்கல்ல, அது. இன்னொண்ணு சல்ஃபர் டை ஆக்சைடு, தீக்குச்சி கிழிச்ச உடனே மூக்குல சுருக்னு ஏறுமே, அந்த நெடி. முட்ட வாசனையப் பாத்துத்தான் எல்லாரும் மூக்கப் பொத்திக்கறாங்க, ஆனா ஆஸ்துமாவுக்கு வில்லன் ரெண்டாவது ஆளுதான். சாதாரண ஆளுக்கு லேசா தொண்ட கரகரங்கற அளவுல இருக்கும்போதே, ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி இழுப்பு வந்துடும். அதுவும் காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் கேஸ் போகும், இந்த நிமிஷம் ஒண்ணும் தெரியாது, அடுத்த நிமிஷம் வெள்ளையா ஒரு மூட்டம் நம்ம மேலயே வந்து இறங்கும். அங்க கேஸ் அளக்கற கருவியெல்லாம் வெச்சிருக்காங்க, அளவு ஏறினா அறிவிப்பு கொடுத்து ஜனங்கள கட்டடத்துக்குள்ள போகச் சொல்லுவாங்க, ஆனா அந்த அளவெல்லாம் சராசரி ஆளுக்காக வெச்சது, உங்க அம்மா நெஞ்சுக்காக வெச்சது இல்ல.

"மாஸ்க் போட்டுக்கிட்டா?"ன்னு அடுத்து கேப்பீங்கன்னு தெரியும். என்95 மாஸ்க் தூசியத்தான் பிடிக்கும், கேஸ பிடிக்காது. ஈரத்துணிய மூக்குல வெச்சுக்கிட்டா சல்ஃபர் டை ஆக்சைடு தண்ணில கரையறதால கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான், அத நம்பி அம்மாவ கூட்டிட்டுப் போற வேல வேணாம்.

இன்னொரு விஷயம், நெறைய பேருக்குத் தெரியாது. "இறங்க மாட்டோம் அண்ணா, ரோப்வேல உக்காந்தபடியே தாண்டிப் போயிடறோம்"னு சிலர் பிளான் போடறாங்க. முடியாதுங்க. ரோப்வே ஆரம்பிக்கற சோவுன்சான் ஸ்டேஷன்ல ஏறினா ஓவாகுதானில இறங்கி, வேற கேபின் மாறித்தான் ஏரிக்கரையில இருக்கற தோகெந்தாய் பக்கம் போகணும். ஸ்டேஷன் சரியா அந்தப் புகைக்குப் பக்கத்துலயே இருக்கு. அதனால அம்மா அந்த லைன்ல ஏறவே வேணாம்.

அப்ப எப்படிப் போறது? நான் சொல்ற ரூட்ட கேளுங்க. எல்லாரும் சேந்து ஹகோனே யுமோட்டோல இருந்து மலை ரயில்ல ஏறுங்க. கோரா வரைக்கும் 8.9 கிலோமீட்டர்தான், ஆனா 40 நிமிஷம் ஆகும், ஏன்னா ஆயிரம் மீட்டர் போனா 80 மீட்டர் ஏறுற சரிவு, மூணு எடத்துல ரயில் நின்னு, டிரைவர் இந்தக் கோடியில இருந்து இறங்கி பிளாட்பாரத்துல நடந்து அந்தக் கோடிக்குப் போவாரு, கண்டக்டர் இந்தப் பக்கம் வருவாரு, அப்படியே ரயில் திரும்பின திசையில இசட் மாதிரி ஏறும். அம்மாவுக்கு ஓவாகுதானியவிட இதுதான் பிடிக்கும்னு நான் நெனைக்கறேன். கோராவுக்கு முன்னாடி ஸ்டேஷன் சோகோகு நோ மோரி, அங்க 1969-ல தொறந்த ஓப்பன் ஏர் மியூசியம் இருக்கு, புல்வெளி முழுக்க சிலைங்க, உள்ளயே கால் நனைக்கற வெந்நீர்த் தொட்டி இருக்கு. அங்க அம்மாவையும் அப்பாவையும் விட்டுட்டு நீங்க மட்டும் கோரா, கேபிள் கார், ரோப்வேன்னு ஓவாகுதானி போயிட்டு, தோகெந்தாய்ல இறங்கி கப்பல்ல ஆஷி ஏரியத் தாண்டி மோட்டோஹகோனே வந்துடுங்க. அவங்க ரெண்டு பேரும் மியூசியம் முடிச்சுட்டு ஒரே ஒரு ஸ்டேஷன் கீழ கோவாகிதானில இறங்கி, அங்க இருந்து பஸ் பிடிச்சா நேரா மோட்டோஹகோனே. ஹகோனே ஃப்ரீ பாஸ் வாங்கியிருந்தா ரயில், பஸ், ரோப்வே, கப்பல் எல்லாம் அதுலயே அடங்கிடும், தனித்தனியா டிக்கெட்டுக்கு நிக்க வேணாம். தண்ணிக்குள்ள செவப்பு தோரி வாசல் நிக்குமே, அந்தக் கோயில் பக்கத்துல சந்திச்சுக்கோங்க. போட்டோவுக்கு அங்க ஒரு க்யூ நிக்கும், அத பாத்து பயந்துடாதீங்க.

வெடிக்குமான்னு கேட்டீங்க. ஹகோனே நெஜமாவே உயிரோட இருக்கற எரிமலைதாங்க, அதுல சந்தேகமே வேணாம். இன்னைக்கு நம்ம பாக்கற எடமே சுமார் 3000 வருஷத்துக்கு முன்னாடி கமியாமான்ற சிகரத்தோட ஒரு பக்கம் சரிஞ்சு உருவானது, அந்த மண்ணு போயி ஆத்த அடச்சதுலதான் ஆஷி ஏரியே வந்துச்சு. நீங்க கப்பல்ல போறதும் அதே எரிமலையோட வேலதான். கிட்டத்துலன்னா 2015-ல நடந்துச்சு. ஏப்ரல் கடைசியில சின்னச் சின்ன நில அதிர்வு ஆரம்பிச்சுது, மே 6-ம் தேதி ஜப்பான் வானிலை ஏஜென்சி எரிமலை எச்சரிக்கைய லெவல் 1-ல இருந்து லெவல் 2-ன்னு ஏத்தி அறிவிச்சுது, பள்ளத்தாக்க மூடிட்டாங்க, ஜூன் கடைசியில சின்னதா வெடிச்சு சாம்பல் வந்துச்சு, லெவல் 3 ஆச்சு. அதுக்கு முன்னாடியே ஆளுங்கள வெளிய எடுத்துட்டதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. நவம்பர்ல திரும்ப லெவல் 1, ஆனா ரோப்வே முழுசா ஓட ஆரம்பிக்க 2016 ஜூலை ஆயிடுச்சு. 2019 மே-ல திரும்ப லெவல் 2, திரும்ப மூடினாங்க, அக்டோபர்ல எறக்கினாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், லெவல் 1-ன்னா ஆபத்தே இல்லன்னு நெனச்சுக்காதீங்க. 2014 செப்டம்பர்ல ஜப்பான்லயே ஓந்தாகேன்னு இன்னொரு எரிமலை வெடிச்சப்போ அங்க லெவல் 1-தான் போட்டிருந்துச்சு, மலையேறப் போனவங்க 58 பேர் செத்துப் போனாங்க, 5 பேர் கிடைக்கவே இல்ல. ஹகோனேல விஷயம் கொஞ்சம் வேற மாதிரி, சுத்தி ஊரும் ஹோட்டலும் இருக்கறதால ஏகப்பட்ட கருவி வெச்சு கண்காணிக்கறாங்க, ஓவாகுதானில ஒதுங்கறதுக்குக் கட்டடமும் இருக்கு. நான் போவேனான்னு கேட்டா போவேன். லெவல் 2 போட்டா போக மாட்டேன், போகவும் விட மாட்டாங்க. அங்க ஒரு நடைபாத இருக்கு, 2015-ல மூடினது, 2022-ல தான் திரும்ப தொறந்தாங்க, அதுவும் முன்பதிவு பண்ணி, கைடு கூட, தலையில ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான். அந்த ஹெல்மெட்டப் பாத்தாலே எடம் எப்படிப்பட்டதுன்னு புரிஞ்சிடும்.

முட்டைக்கு வருவோம், இதத்தான் எல்லாரும் ஆசையா கேக்கறாங்க. சாதாரண கோழி முட்டதாங்க. சுமார் 80 டிகிரி சூட்டுல இருக்கற அந்த ஊத்துத் தண்ணில ஒரு மணி நேரம் போடறாங்க, தண்ணில இருக்கற இரும்பு முட்ட ஓட்டுல இருக்கற நுண்ணிய ஓட்டைங்கள்ல போயி ஒட்டிக்குது, அதோட ஹைட்ரஜன் சல்ஃபைடு சேந்தா இரும்பு சல்ஃபைடு ஆகி கருகருன்னு ஆயிடும். அப்புறம் 100 டிகிரி ஆவியில கால் மணி நேரம் வெச்சு எடுக்கறாங்க. ஓடு மட்டும்தான் கருப்பு, உரிச்சா உள்ள வெள்ளையும் மஞ்சளும் நம்ம வீட்டு அவிச்ச முட்ட மாதிரியே இருக்கும், கையில லேசா கரி மாதிரி ஒட்டும், பாக்கெட்டுக்குள்ள உப்பு தருவாங்க. தனியா ஒண்ணு ரெண்டுன்னு கேட்டா கிடைக்காது, பாக்கெட்டாத்தான் விப்பாங்க. முட்டைய கீழ இருக்கற கடைக்குக் கொண்டு வர்றதுக்குன்னே ஒரு குட்டி ரோப்வே இருக்கு, ஆளுங்க ரோப்வேயவிட அத பாக்கறதுதான் எனக்கு ஜாலி. ஏழு வருஷம் ஆயுசுங்கறது அந்த ஊர் நம்பிக்க, அங்க ஆயுசு கொடுக்கற ஜிஸோ சாமி ஒருத்தர் இருக்காரு, அவரோட சேத்து சொல்றது. நீங்க ஒரு பாக்கெட் வாங்கி பைல வெச்சுக்கிட்டு வந்து அம்மாவுக்கு ஏரிக்கரையில உரிச்சுக் குடுங்க, ஆயுசு எங்க சாப்பிட்டாலும் கூடும்தானே.

கடைசியா குளியல். இங்கதான் நெறைய பேர் குழப்பிக்கறாங்க, ஹகோனேன்னா எல்லாத் தண்ணியும் கந்தகத் தண்ணின்னு நெனச்சுக்கறாங்க. அப்படி இல்ல. ஓவாகுதானி ஆவியில மலைத் தண்ணியக் கலந்து வெந்நீராக்கி, குழாய் போட்டு கீழ கோரா, செங்கோகுஹரா பக்கம் விடுதிங்களுக்கு அனுப்பறாங்க, அதுதான் பால் மாதிரி வெள்ளையா, வாசனையோட வர்றது. யுமோட்டோ பக்கம் கிடைக்கறது பெரும்பாலும் கண்ணாடி மாதிரி தெளிவான தண்ணி, முட்ட வாசன கிடையாது, தொட்டா லேசா வழவழன்னு இருக்கும். உங்க அம்மாவுக்கு ரூம் புக் பண்றப்போ யுமோட்டோ பக்கமாவே பாருங்க. மூடின அறைக்குள்ள கந்தகத் தண்ணி வேணாம், ஆவியோட அதே கேஸ்தான் கொஞ்சமா வரும். டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, சூடு 40, 42 டிகிரி இருக்கும், பிரஷர் இருந்தா அதுவும் பாக்கணும். இறங்கறதுக்கு முன்னாடி மேல தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுடச் சொல்லுங்க.

துணி இல்லாம எல்லாரோடயும் குளிக்கணுமேன்னு அம்மா கண்டிப்பா கூச்சப்படுவாங்க, எங்க அம்மாவும் அதான் சொன்னாங்க. அதுக்கு கஷிகிரின்னு கேளுங்க, நம்ம குடும்பத்துக்கு மட்டும் முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம்னு கதவப் பூட்டிக் குடுப்பாங்க. இன்னொரு லாபமும் இருக்கு, அந்தக் காலத்து ஆளுங்க கையில பச்ச குத்தியிருப்பாங்கல்ல, பொதுக் குளியல்ல பச்ச இருந்தா சில எடத்துல விட மாட்டாங்க, தனி அறைன்னா அந்தப் பேச்சே வராது.

ஆங், மறக்கறதுக்குள்ள, மெட்டி, கொலுசு. வெள்ளிய கழட்டி ரூம்லயே வெச்சுடுங்க. நீங்க கோரா பக்கம் போயி வெள்ளத் தண்ணில குளிச்சாலும் சரி, முட்டைய கருப்பாக்கின அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியையும் கருப்பாக்கிடும், வெளிய வர்றதுக்குள்ளயே கறுத்துடும். கவரிங்கும் போயிடும். தாலிச் சங்கிலி நல்ல தங்கமா இருந்தா பெருசா ஒண்ணும் ஆகாது. வெள்ளி கறுத்துப் போனா பயப்படாதீங்க, ஊருக்கு வந்து பாலிஷ் போட்டா சரியாயிடும்.

அன்னிக்குக் காலையில கெளம்பறதுக்கு முன்னாடி ரோப்வே ஓடுதான்னு மட்டும் பாத்துடுங்க, காத்து பலமா அடிச்சாலும் நிறுத்திடுவாங்க, கேஸ் ஏறினாலும் நிறுத்திடுவாங்க. நிறுத்திட்டா நீங்களும் அம்மாவோடயே மியூசியத்துல இருந்துட்டு அதே பஸ்ல ஏறிப் போங்க. முட்ட மட்டும்தான் மிஸ் ஆகும். சரி, அடுத்து ரயில் பாஸ் பத்தி ஒருத்தர் கேட்டிருக்காரு, அதுக்கு வர்றேன்.