பதறாமல் பார்க்க வேண்டிய மட்சுவே

(டோக்கியோ தமிழ்க் குடும்பங்களின் சித்திரைத் திருநாள் கூட்டத்தில் பேசியது. கேட்ட சிலர் எழுத்தில் வேண்டும் என்றதால் இங்கே தருகிறேன்.)

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு எங்களுக்காக வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, விழாக் குழுச் செயலாளர் அவர்களே, விடியற்காலையிலேயே வந்து இத்தனை பேருக்கும் வடையும் பாயசமும் செய்த அக்காக்களே, எனக்கு முன்னால் திருக்குறள் சொன்ன குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். அரங்கத்தை வாடகையில்லாமல் கொடுத்த வார்டு அலுவலக நண்பர்களுக்கும் நம் எல்லோர் சார்பிலும் நன்றி.

மட்சுவே என்ற ஊரைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று கோட்டை, இரண்டு ஏரி, மூன்று பக்கத்து ஊரான இஸூமோவின் கோயில். அதற்கு முன் ஒரு பழமொழி: பதறாத காரியம் சிதறாது. என் பாட்டி முறுக்கு பிழியும்போது சொல்வார். நாம் இந்த நாட்டில் ஊர் சுற்றும் விதத்தைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. காலையில் கியோத்தோ, மதியம் நாரா, இரவு ஒசாகா, மறுநாள் ஹிரோஷிமா. வீட்டுக்கு வந்தபின் போனில் இருக்கும் கோபுரம் எந்த ஊர்க் கோபுரம் என்று நமக்கே தெரிவதில்லை.

சரி, கோட்டை. ஷிமானே மாகாணத்தின் தலைநகர் மட்சுவே, ஷின்ஜி ஏரிக்கரையில் இருக்கிறது. ஹோரியோ யோஷிஹாரு என்ற பிரபு 1607இல் கோட்டை வேலையை ஆரம்பித்தார். 1611இல் அது முடியும் தறுவாயில் இறந்துபோனார். கறுப்புப் பலகை போர்த்திய நடுக்கோபுரம், உள்ளேயே கிணறு, ஆபத்து வந்தால் மேலே இழுத்துக்கொள்ளத் தோதாக, எடை குறைந்த கிரி மரத்தில் செய்த படிகள். 1875இல், சாமுராய் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு கோட்டைக் கட்டடங்களை ஏலம் விட்டது. நடுக்கோபுரத்துக்கு வந்த விலை 180 யென். வாங்கியவர் இடித்து மரத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்போது கட்சுபே மோட்டோஎமோன் என்ற வசதியான விவசாயியும், பழைய சாமுராய் தகாகி கொம்பாச்சியும் சேர்ந்து அதே தொகையைக் கட்டி இடிப்பை நிறுத்தினார்கள். நாம் இன்று ஏறிப் பார்க்கும் கோபுரம் அந்த 180 யென்னால் நிற்கிறது.

1950இல் சட்டம் மாறியபோது அதன் தேசியப் பொக்கிஷப் பட்டம் போய்விட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை, கையெழுத்து வாங்கினார்கள், மனு கொடுத்தார்கள். 2012இல் பக்கத்துச் சிறு கோயிலில், 1611ஆம் ஆண்டு குறித்த இரண்டு பிரார்த்தனைப் பலகைகள் கிடைத்தன. அதில் இருந்த ஆணித் துளை கோபுரத்தின் அடித்தளத் தூண்களில் இருந்த துளையோடு பொருந்தியது! கோபுரம் 1611இல் முடிந்தது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. 2015இல் பட்டம் திரும்பி வந்தது. கணக்குப் பாருங்கள், 65 வருஷம். பதறாத காரியம் சிதறாது.

இப்போது என் அம்மா கதை. போன வருஷம் மார்ச் கடைசியில் அம்மாவைத் தஞ்சாவூரிலிருந்து அழைத்து வந்திருந்தேன். முழங்கால் வலி, நடக்க முடியாது. கோட்டை அகழியில் படகு விடுகிறார்கள், 1997இல் ஆரம்பித்தது, 3.7 கிலோமீட்டர் சுற்று, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் நடுவில் தாழ்வான மேசை, அதன் மேல் மெத்தை போர்வை, உள்ளே சூடு. கொடாட்சு என்பார்கள். அம்மா காலை உள்ளே நீட்டினார், பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்துவிட்டது. எதிரே ஒசாகாவிலிருந்து வந்த தாத்தா பாட்டி, பேரன். கொஞ்ச தூரத்தில் ஒரு தாழ்ந்த பாலம். படகுக்காரர் ஏதோ சொன்னார், மோட்டார் உறுமியது, படகின் கூரை அப்படியே எங்கள் தலையை நோக்கி இறங்கியது. எல்லோரும் மேசையில் நெற்றி படும்படி குனிந்தோம். பாலத்தைக் கடந்து நிமிர்ந்து பார்த்தால் அம்மா இன்னும் குனிந்தபடியே கைகூப்பிக்கொண்டு இருக்கிறார். "என்னம்மா?" என்றேன். "எல்லாரும் கும்பிட்டாங்களேடா, இங்க என்ன சாமி?" என்றார். நான் அதை ஜப்பானியத்தில் சொன்னேன். ஒசாகா பாட்டி சிரிக்கவில்லை, தானும் கைகூப்பினார். அடுத்த தாழ்ந்த பாலம் வந்ததும் படகில் இருந்த அத்தனை பேரும், பேரன் உட்பட, கைகூப்பிக் குனிந்தார்கள். படகுக்காரர் ஒரு நாட்டுப்பாட்டை எடுத்துவிட்டார், அது பாலத்தின் அடியில் கணீரென்று எதிரொலித்தது. அந்தச் சீட்டுக்கு அன்று முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். அம்மா மூன்று முறை ஏறினார்!

மறுநாள் கிளம்பும் திட்டமாக இருந்தால் இரண்டாம் முறை ஏறியிருப்போமா? இதைத்தான் நான் போன வருஷத்திலிருந்து எல்லோரிடமும் கேட்கிறேன்.

ஏரிக்கு வருகிறேன். ஷின்ஜி உப்பும் நன்னீரும் கலந்த ஏரி. அதனால்தான் ஷிஜிமி என்ற சிறு மட்டி அங்கே விளைகிறது. காலையில் மீனவர்கள் நீண்ட கழியின் நுனியில் இரும்புக் கூடை கட்டி ஏரியின் அடியைச் சுரண்டுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பக்கத்து நகாஉமி ஏரியோடு சேர்த்து இதை நன்னீராக்கப் பாசனத் திட்டம் போட்டார்கள், மட்டி செத்துவிடும் என்று மீனவர்களும் ஊராரும் எதிர்த்தார்கள். 1988இல் ஒத்திவைத்தார்கள், 2002இல் கைவிட்டார்கள், 2005இல் இரண்டு ஏரிக்கும் ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அந்த ஏரியில் யோமேகஷிமா என்று பைன் மரங்கள் நிற்கும் குட்டித் தீவு உண்டு, அதன் பின்னால் சூரியன் மறையும். கரையில் உள்ள கலை அருங்காட்சியகம் மார்ச் முதல் செப்டம்பர் வரை சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத்தான் மூடுகிறது. மூடும் நேரத்தைச் சூரியனிடம் விட்டுவிட்ட ஊர்! முதல் நாள் எங்களுக்கு மேகம். இரண்டாம் நாளும் மேகம். மூன்றாம் நாள்தான் ஏரி முழுக்கத் தாமிர நிறமானது. ஒரு இரவு மட்டும் தங்கியிருந்தால் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்போம்.

அம்மாவுக்கு மட்டி ஆகாது, ஆனால் மெய்மெய்-ஆன் தேநீர்க் குடிலில் பச்சை மாவு புரட்டிய இனிப்பு ஒன்று கொடுத்தார்கள், வகாகுசா என்று பெயர். மட்சுவேயை ஆண்ட, தேநீர்க் கலையில் ஊறிய ஃபுமாய் பிரபுவின் காலத்துப் பண்டம். 'நம்ம ஊர் அல்வா மாதிரி, இனிப்பு கம்மி' என்றார்.

நேரம் முடிந்ததாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். இஸூமோ கோயிலைத் தனியாகத்தான் பேச வேண்டும். யசுகியில் உள்ள அடாச்சி தோட்டமும், நகாஉமி நடுவே தைகொன்ஷிமா தீவின் பியோனிப் பூக்களும் அப்படியே.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒரே ஊர், மூன்று இரவு. நவம்பரில் குடும்பமாக மட்சுவே போகிறோம். டோக்கியோவிலிருந்து சன்ரைஸ் இஸூமோ படுக்கை வண்டி, இரவு ஏறினால் காலையில் மட்சுவே. ரயிலில் தூங்கிப் போகும் சுகத்தை நம் பிள்ளைகளும் பார்க்கட்டும். கொடாட்சுவும் அதற்குள் படகுக்குத் திரும்பிவிடும். பின்பக்க மேசையில் நோட்டு வைத்திருக்கிறேன், வருபவர்கள் பெயர் எழுதுங்கள். முதல் வரி நிரம்பிவிட்டது, அது அம்மாவுக்கு. நன்றி, வணக்கம்.