பிள்ளையைக் கொலோனிக்கு அனுப்பலாமா? ஒரு தாயின் சந்தேகத்துக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். கொலோனி என்பது விடுமுறையில் பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல், பொறுப்பாளர்களோடு கூட்டமாகத் தங்கும் முகாம். சென்ற காணொளியைப் பார்த்துவிட்டு, பாரிசுக்கு அருகே லா கூர்நெவ் பகுதியில் வசிக்கும் ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்: "எனது மகனுக்கு ஒன்பது வயது. ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலம் ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு கிழமை கடற்கரைக் கொலோனிக்கு அவனை அனுப்பலாம் என்று நகரசபையின் சமூகப் பணியாளர் சொன்னார். நாங்கள் கட்ட வேண்டியது மிகச் சிறிய தொகைதான். கணவருக்கு விருப்பமில்லை. தாய் தகப்பன் இருக்கும்போது அநாதைப் பிள்ளை போல அனுப்புவதா, தருமக் காசில் அவன் கடல் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார். எனக்கோ 2004 மார்கழிக்குப் பிறகு கடல் என்றாலே நெஞ்சு அடைக்கும். என்ன செய்வது?"

சகோதரி, உங்கள் கணவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவர் கேட்பது சின்னக் கேள்வி அல்ல. நம்மவர்களில் பலர் மனதில் வைத்துக்கொண்டு வாய் திறந்து கேட்காத கேள்வி அது.

கொலோனி என்ற ஏற்பாடு ஏழைப் பிள்ளைகளுக்கான தருமமாகத்தான் தொடங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1876ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வால்டர் பியோன் என்ற போதகர், நெருக்கமான வீடுகளில் வெளிச்சமும் நல்ல காற்றும் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்த 68 பிள்ளைகளை, தாம் முன்பு பணிபுரிந்த அப்பன்செல் மலைப்பகுதிக்கு இரண்டு வாரங்களுக்கு அழைத்துச் சென்றார். அதற்கு அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஷெர்மன் என்ற சிற்றூரில் வில்லார்ட் பார்சன்ஸ் என்ற போதகர், நியூயோர்க் நகரத்துப் பிள்ளைகளைத் தம் ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்க வைத்தார். பாரிசில் 1881இல் லொரியோ என்ற புரட்டஸ்தாந்து போதகரும் அவருடைய மனைவியும் பிள்ளைகளை மூன்று வாரங்களுக்கு நாட்டுப்புறத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1883இல் எத்மோன் கொத்தினே என்பவர் ஒன்பதாம் வட்டாரத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக அதே வேலையைச் செய்தார்.

அந்தக் காலத்தில் காசநோய்தான் பெரிய பயம். ஆகவே, பிள்ளை போகும்போது எத்தனை கிலோ, திரும்பும்போது எத்தனை கிலோ, நெஞ்சுச் சுற்றளவு எவ்வளவு கூடியது என்றெல்லாம் அளந்து பார்த்து, அந்தக் கணக்கைப் பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டினார்கள். பிள்ளையைத் தராசில் நிறுத்தி எடை கூட்டிக் காட்டுகிற அந்த முறையைப் படித்தபோது எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. உங்கள் கணவருக்கு உறுத்துவது அந்தத் தராசுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பிரான்ஸ் நாட்டில் நடந்தது வேறு. 1936இல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. அதற்கு முன்பே பாரிசைச் சுற்றியுள்ள தொழிலாளர் நகரசபைகள் தமக்கென்று கொலோனி நிலங்களை வாங்கியிருந்தன. நம்மவர்கள் பலர் வசிக்கும் ஈவ்ரி சூர் சென் நகரசபை, அத்திலாந்திக் கரையோரத்தில் லே மாத் என்ற ஊரில் தன் பிள்ளைகளுக்காக ஏற்படுத்திய கொலோனி இதற்கு நல்ல உதாரணம். அங்கே போன பிள்ளைகளை அநாதைகள் என்று யாரும் சொல்லவில்லை. தகப்பன் தொழிற்சாலையில் நிற்கிறார், தாய் தையல் வேலைக்குப் போகிறார், பிள்ளை கடற்கரையில் இருக்கிறது, அவ்வளவுதான். 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, அதன் 31ஆம் பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. 1998 ஜூலை 29ஆம் திகதிய பிரெஞ்சுச் சட்டமோ, விடுமுறைக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பது தேசத்தின் நோக்கம் என்று சொல்கிறது. ஆகவே, பிள்ளையை அனுப்பும் நிறுவனம் தொண்டு நிறுவனமாக இருந்தாலும், பிள்ளை அங்கே போவது யாருடைய இரக்கத்தாலும் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் ஒரு சிறிய தொகை கேட்கிறார்கள் அல்லவா? அந்தத் தொகையால் கொலோனியின் செலவு அடையாது என்று அவர்களுக்கும் தெரியும். நீங்களும் பங்கு கொடுத்தீர்கள் என்பதற்காகவே அதைக் கேட்கிறார்கள். உங்கள் கணவர் அந்தக் காசைத் தம் கையாலேயே கொண்டுபோய்க் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளட்டும். தருமம் வாங்குகிறோம் என்ற எண்ணம் அதிலேயே பாதி குறையும்.

செக்கூர் பொப்புலேர் என்ற தொண்டு அமைப்பின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். விடுமுறையில் எங்கேயும் போக முடியாமல் வீட்டிலேயே இருந்த பிள்ளைகளுக்காக, 1979 முதல் ஒவ்வோர் ஆண்டும் கோடையின் கடைசியில் அவர்கள் ஒரு நாள் பயணம் நடத்துகிறார்கள்; பாரிஸ் பகுதிப் பிள்ளைகளைப் பேருந்துகளில் ஏற்றி நோர்மண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார்கள். 2015 ஆகஸ்ட் 19 அன்று, அந்த அமைப்பின் 70ஆம் ஆண்டையொட்டி, நாடு முழுவதிலிருந்தும் 70,000 பிள்ளைகளை ஈபிள் கோபுரத்தடித் திடலில் கூட்டினார்கள். ஏன் ஆகஸ்ட் இறுதியில் வைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். செப்டெம்பரில் பாடசாலை திறந்ததும் வகுப்பில் விடுமுறையைப் பற்றிப் பேச்சு வரும். ஒருவன் மலைக்குப் போனேன் என்பான், இன்னொருத்தி ஸ்பெயினுக்குப் போனேன் என்பாள். இரண்டு மாதமும் ஏழாம் மாடியில் தொலைக்காட்சியோடு இருந்த பிள்ளை அந்த நேரத்தில் என்ன சொல்லும்? சில பிள்ளைகள் போகாத ஊருக்குப் போனதாகக் கதை கட்டும். நம் பிள்ளைகளும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். கடலைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது என்று எழுதிய ஒருவரிடம், பயப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கடற்கரையில் பிள்ளைகளை எப்படிக் குளிக்க விடுகிறார்கள் என்பதைச் சொல்ல முடியும். அதைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். கொலோனிப் பிள்ளைகள் நினைத்தவுடன் கடலில் இறங்க முடியாது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகள் என்றால், எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. ஆறு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் ஐந்து பேருக்கு ஒருவர். ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் இறங்கலாம் என்பதற்கும் உச்ச வரம்பு இருக்கிறது. உங்கள் மகனின் வயதில் நாற்பது பேர். உயிர்காப்பாளர் உள்ள பொதுக் குளியலிடம் இல்லாத இடத்தில் இறங்குவதென்றால், நீர்க்காவலுக்கான தகுதி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மிதவைகளைக் கயிற்றால் இணைத்து எல்லை கட்ட வேண்டும். நம் ஊரில் நாம் கடலில் குளித்த விதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனாலும் இந்தக் கயிறு நல்ல கயிறு.

குளியல் தவிர்ந்த மற்ற நேரங்களில், ஆறு வயதுக்கு மேல் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது குறைந்தபட்ச அளவு. அந்தப் பொறுப்பாளர்களில் பாதிப் பேராவது பிள்ளைகளை வழிநடத்தப் பயிற்சி பெற்றதற்கான பஃபா என்ற சான்றிதழ் பெற்றவர்களாக இருக்க வேண்டும். எந்தத் தகுதியும் பெறாதவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கொலோனியை நடத்துபவர்கள் அதை அரசின் மாவட்ட இளையோர் சேவையில் முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள். வேலைக்கு எடுக்கப்படுபவர்களின் குற்றப் பதிவேடும் அங்கே பார்க்கப்படுகிறது. இவ்வளவு இருந்தும் நீங்கள் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இயக்குநரின் பெயர் என்ன, இரவில் பிள்ளைகளின் அறைக்கு அருகில் யார் தூங்குகிறார், பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் எந்த எண்ணிலிருந்து அழைப்பீர்கள் என்று கேளுங்கள். உதவி பெறுபவர் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அப்படி முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் அனுப்ப வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த கேள்வி அதுதான் என்று எனக்குத் தெரியும். படிவத்தில் பன்றி இறைச்சி வேண்டாம், இறைச்சியே வேண்டாம் என்பவற்றுக்கான இடம் பெரும்பாலும் இருக்கும். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பதற்கு அனேகமாகத் தனி இடம் இருக்காது. அதைக் கையால் எழுதிவிட்டு, தொலைபேசியிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தின் பிரதி, சுகாதாரப் படிவம், காப்புறுதிச் சான்று ஆகியவற்றையும் கேட்பார்கள். பாடசாலைக்குக் கொடுத்த அதே காப்புறுதி கொலோனிக்கும் செல்லுமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி மற்ற நேயர்களுக்காக ஒரு வார்த்தை. தொண்டு நிறுவனம் மட்டுமே வழி அல்ல. குடும்ப உதவித்தொகை வழங்கும் காஃப் அலுவலகம் குடும்ப வருமானக் கணக்கைப் பார்த்துப் பிள்ளைகளின் விடுமுறைக்கு உதவி தருகிறது. நிபந்தனை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அதற்கான கடிதம் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன். பதினொரு வயதை எட்டும் பிள்ளைகளுக்காக 2024இல் பாஸ் கொலோ என்ற அரச உதவி தொடங்கப்பட்டது. அதில் வருமானத்துக்கு ஏற்ப 200 முதல் 350 யூரோ வரை கொடுத்தார்கள். கூட்டமாகத் தங்குவதே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், செக்கூர் கத்தோலிக் அமைப்பு பிள்ளைகளை ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்க வைக்கிறது. ஷெர்மன் ஊரில் பார்சன்ஸ் செய்தது கிட்டத்தட்ட இதுதான். எனக்கு என்னவோ ஒன்பது வயதுப் பையனுக்குக் கொலோனிதான் நல்லது என்று படுகிறது. தெரியாத வீட்டில் பிள்ளை விருந்தாளியாக அடங்கி இருக்கும்; கொலோனியில் எல்லோரும் ஒரே மாதிரி என்பதால் சண்டை பிடிக்கலாம், சமாதானமும் ஆகலாம்.

நான் தன்னார்வலராக இரண்டு கோடைகள் பாரிசின் மொம்பர்னாஸ் நிலையத்திலிருந்து புகையிரதத்தில் பிள்ளைகளோடு துணைக்குப் போயிருக்கிறேன். ஒரு பையன் முதல் நாள் முழுவதும் மணலில் சப்பாத்தைக் கழற்றவே இல்லை. கேட்டால், புதியது, பழுதாக்க வேண்டாம் என்று அம்மா சொன்னார் என்றான். வெறுங்காலோடு நடந்தால் சப்பாத்து பழுதாகாது என்று அவனுக்கு விளங்க வைக்க எங்களுக்கு அடுத்த நாள் மத்தியானம் வரை பிடித்தது. ஆகவே கொலோனிக்கென்று புதிதாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பழைய உடுப்பு, பழைய துவாய், ஒரு தொப்பி போதும். எல்லாவற்றிலும் பெயர் தைக்கச் சொல்வார்கள். பாலசுப்பிரமணியம் போன்ற பெயர் பிரெஞ்சு எழுத்தில் பதினைந்து எழுத்து வரும், கடையில் விற்கும் பெயர்ப்பட்டியில் அடங்காது. முதற்பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் அழியாத மையால் எழுதினால் போதும்.

கைத்தொலைபேசியைப் பல கொலோனிகளில் வாங்கி வைத்துவிடுவார்கள், அல்லது குறித்த நேரத்துக்கு மட்டும் கொடுப்பார்கள். முதல் இரண்டு மூன்று இரவுகளில் பிள்ளை அழக்கூடும். அந்த நேரத்தில் உங்கள் குரலைக் கேட்டால் அழுகை கூடும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் கடிதம் எழுதுங்கள். உங்கள் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய இரண்டு உறைகளை அவனுடைய பையிலும் வையுங்கள். அவன் பிரெஞ்சில்தான் எழுதுவான், பரவாயில்லை. தமிழ் கற்பிக்கும் தமிழ்ச்சோலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் நீங்கள் தமிழில், பெரிய எழுத்தில், நான்கு வரி எழுதுங்கள். அந்த இடத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனாகவே இருப்பான். ஆகஸ்டில் தபால் சற்றுத் தாமதமாகும். முதல் கடிதத்தை அவன் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே தபாலில் சேர்த்துவிடுங்கள்.