லுபான் வந்து போன கடல்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

2017ஆம் ஆண்டு நவம்பரில், ஓமான் நாட்டு மஸீரா வளைகுடாவில், ஒரு பெண் திமிங்கிலத்தின் முதுகில் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்கு லுபான் என்று பெயர். லுபான் என்றால் அரபியில் குந்திரிக்கம், நம் கடற்கரைக் கோயில்களில் பூசை நேரத்தில் புகைக்கிறோமே, அதேதான். அதுவரை இப்படிக் கருவி பொருத்தப்பட்ட திமிங்கிலங்கள் எல்லாம் ஓமான், ஏமன் கரையை ஒட்டியே சுற்றிக்கொண்டிருந்தன. லுபான் மட்டும் கிழக்கே திரும்பி, 1,500 கிலோமீட்டர் அரபிக்கடலைக் குறுக்கே நீந்தி, டிசம்பரில் கோவாப் பக்கம் வந்துவிட்டது. அங்கேயும் நிற்கவில்லை. கரையோரமாகவே தெற்கே இறங்கி, நம் கன்னியாகுமரிப் பக்கம் வரைக்கும் வந்து, பிறகு திரும்பி ஓமானுக்கே போய்ச் சேர்ந்தது.

அது எந்த டிசம்பர் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒக்கிப் புயலில் போனவர்களைத் தேடி நாம் கரையில் நின்றுகொண்டிருந்த அந்த டிசம்பர்தான்.

நான் இந்தக் கரையில் வளர்ந்தவன். இன்று பேசப்போவது அந்தத் திமிங்கிலக் கூட்டத்தைப் பற்றி, அதைவிட முக்கியமாக அதை இங்கேயே கட்டிப்போட்டு வைத்திருக்கிற கடலையும் காற்றையும் பற்றி. லுபான் கூன்முதுகுத் திமிங்கில இனம். பதினான்கு பதினைந்து மீட்டர் நீளம், உடம்பில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குப் பக்கத் துடுப்புகள், தலை முழுக்க முண்டு முண்டாக இருக்கும். ஆண் திமிங்கிலங்கள் இனப்பெருக்கக் காலத்தில் மணிக்கணக்கில் பாடும்.

உலகம் முழுக்க இந்த இனத்துக்கு ஒரே வழக்கம்தான். கோடையில் துருவத்துப் பக்கம் குளிர்ந்த கடலுக்குப் போய் வயிறு நிறையத் தின்பது, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடுவது. வெப்பக் கடலில் இருக்கும் மாதங்களில் அனேகமாக எதுவுமே தின்பதில்லை. தாய் தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. பிறக்கும்போதே நாலு மீட்டருக்கு மேல் இருக்கிற குட்டி அது, எவ்வளவு பால் வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் தாய்க்கு எப்படிப்பட்ட இடம் தேவை என்றால், குட்டிக்குக் குளிர் தாக்காத தண்ணீர், அதிகம் ஆழமில்லாத தரை, அலை குறைந்த மறைவு. ஹவாயில் மாவி தீவுக்கும் லனாய் தீவுக்கும் நடுவில் இருக்கிற கால்வாய் அப்படி ஒரு இடம். இருநூறு மீட்டருக்கும் குறைந்த ஆழம், சுற்றிலும் தீவுகள், ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே தாயும் குட்டியுமாக நிறையப் பார்க்கலாம்.

வெப்பம் என்று நான் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உலகின் வெவ்வேறு இனப்பெருக்கக் கடல்களில் அளந்து பார்த்தபோது, எல்லா இடத்திலும் மேல்மட்ட நீர் ஏறத்தாழ 21 டிகிரியிலிருந்து 28 டிகிரி செல்சியசுக்குள் இருந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது திமிங்கிலத்துக்குப் பொருட்டே இல்லை, தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதுதான் பொருட்டு. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிரவைத்துவிடுகிறது, அதனால் அண்டார்டிக்காவிலிருந்து கிளம்பும் திமிங்கிலங்கள் நிலநடுக்கோட்டையே தாண்டி கோஸ்டாரிக்கா வரைக்கும் போகின்றன. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்! வெதுவெதுப்பான தண்ணீருக்காகத்தான் அவ்வளவு தூரம்.

சரி, இப்போது அரபிக்கடலுக்கு வருவோம். இந்தக் கூட்டம் மட்டும் துருவத்துக்குப் போவதே இல்லை. வடக்கே போக வழியில்லை, ஆசியா கண்டமே குறுக்கே நிற்கிறது. தெற்கே அண்டார்டிக்கா வரைக்கும் திறந்த கடல்தான், ஆனாலும் போவதில்லை. ஏன் போக வேண்டும், சாப்பாடு வீட்டுக்கே வருகிறதே! கொண்டு வருவது நமக்கெல்லாம் பழக்கமான தென்மேற்குப் பருவக்காற்று.

ஆனி, ஆடியில் நம் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று நேயர்களுக்குத் தெரியும். அதே காற்று சோமாலியாவிலிருந்து ஓமான் கரைக்கு இணையாக, இன்னும் அதிக வேகத்தில் வீசுகிறது. பூமி சுழல்வதால், காற்று தள்ளுகிற மேல்தண்ணீர் நேராகப் போகாமல் வலப்பக்கமாக விலகி நடுக்கடலுக்குப் போய்விடும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலே ஏறி வரும். வெளியே பாலைவன வெயில் கொளுத்துகிற ஜூலை, ஆகஸ்டில் ஓமானின் தோஃபார் கரையில் கடல் இருபது டிகிரிப் பக்கம் இறங்கிவிடுகிறது. குளிர்ந்த நாடுகளின் கடலில் வளர்கிற கெல்ப் என்ற பெரிய கடற்பாசி அரேபியாவின் கரையில் காடு மாதிரி வளர்கிறது என்றால் நம்ப முடிகிறதா? வளர்கிறது. அந்தத் தண்ணீரில் நுண்ணுயிர்ப் பாசி பெருகும், அதைத் தின்ன கிரில் என்கிற சின்ன இறால் வகை பெருகும், சாளை பெருகும், அப்புறம் திமிங்கிலத்துக்கு என்ன குறை?

காற்று அடங்கி, குளிர்காலத்தில் கடல் வெதுவெதுப்பாகிவிடும். அப்போது அதே கரையில், ஹல்லானியாத் தீவுகளைச் சுற்றி ஆண்கள் பாடத் தொடங்கும். ஒரே கடல், ஆறு மாதம் அடுக்களையாகவும் ஆறு மாதம் பிரசவ அறையாகவும் இருக்கிறது. வேறு எந்தக் கூன்முதுகுக் கூட்டத்துக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

இது தெரிய வந்த விதம் மனதை வருத்துகிற கதை. 1965, 1966 ஆண்டுகளில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் சட்டத்துக்கு மாறாக அரபிக்கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. அந்தக் கணக்கு வெளியே வர முப்பது வருடம் ஆனது. வயிற்றில் இருந்த கருக்களின் அளவை வைத்துப் பார்த்தால், இவை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வாக்கில் குட்டி போடுகிறவை, அதாவது வட அரைக்கோளத்துக் காலக்கணக்கு. மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கம் வரும் தெற்குக் கூட்டத்துக்கு ஜூலையிலிருந்து அக்டோபர்தான் இனப்பெருக்கக் காலம். இரண்டுக்கும் ஆறு மாத இடைவெளி, சந்திக்கவே வாய்ப்பில்லை. மரபணு ஆய்வு இந்தப் பிரிவு ஏறக்குறைய எழுபதாயிரம் ஆண்டுப் பழையது என்கிறது. இன்று ஓமான் பக்கம் கணக்கிட்டவை நூறைத் தொடவில்லை.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. கடல் மாறினால் மற்றக் கூட்டங்களுக்கு என்ன ஆகிறது என்று நமக்கு ஏற்கெனவே ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. 2013 கடைசியிலிருந்து 2016 வரை வட பசிபிக்கில் ஒரு பெரிய வெப்பத் திட்டு உட்கார்ந்துவிட்டது, சில இடங்களில் வழக்கத்தைவிட இரண்டரை டிகிரிக்கு மேல் சூடு. அலாஸ்காவில் கிரிலும் சிறு மீன்களும் குறைந்தன. அலாஸ்காவில் இரை குறைந்ததன் விளைவு நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாயில் தெரிந்தது: மாவிக் கால்வாயில் 2013க்கும் 2018க்கும் இடையில் தாய்-குட்டி சோடிகள் கண்ணில் படுவது முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது, கடலுக்கடியில் பாட்டுச் சத்தமும் இறங்கியது. ஒவ்வொன்றின் வால் அச்சும் வேறு வேறு என்பதால், வால் படங்களை வைத்து எண்ணிப் பார்த்ததில், ஹவாய்க்கு வரும் கூட்டம் 2013இலிருந்து 2021க்குள் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. ஹவாயின் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை. பட்டினி கிடந்த தாயால் குட்டி சுமக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இது ஆயிரக்கணக்கில் இருக்கிற கூட்டம், இழப்பைத் தாங்கும். நூறுகூட இல்லாத கூட்டம் எப்படித் தாங்கும்? அடுக்களையும் பிரசவ அறையும் ஒரே இடம் என்றால், காற்று ஒன்று பிசகினால் இரண்டும் சேர்ந்தே போகும். மேற்கு இந்தியப் பெருங்கடல் வேகமாகச் சூடாகி வருகிறது. மேல்தண்ணீர் சூடாகச் சூடாக அடித்தண்ணீரோடு கலப்பது குறையும், அறுபது ஆண்டுகளில் நுண்ணுயிர்ப் பாசி சில இடங்களில் இருபது சதவீதம் வரை குறைந்ததாகப் புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு 2016இல் எழுதியது. அப்புறம் பூங்கோரை. மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியபோது கேள்விப்பட்டிருப்பீர்கள், அதற்குக் காரணமான நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் இப்போது குளிர்காலத்தில் அரபிக்கடலின் பெரும்பரப்பை மூடுகிறது. அதைச் சொறிமீன் போன்றவைதான் விரும்பித் தின்கின்றன. சாளைக்கோ கிரிலுக்கோ போய்ச் சேர வேண்டிய இரை அது இல்லை.

கடலைச் சரிசெய்ய நம்மால் முடியாது, ஆனால் வலை நம் கையில் இருக்கிறது. ஓமானில் படமெடுத்த திமிங்கிலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு வலையோ கயிறோ அறுத்த தழும்பு இருந்தது. நம் மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் அரபிக்கடல் முழுக்கத் தங்கித் தொழில் செய்கிறார்கள், நீரோட்டத்தோடு மிதக்க விடும் வழிவலை எத்தனை மைல் நீளம் கிடக்கும் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. கடலில் இவர்கள் பார்க்கிற அளவுக்கு வேறு யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் அவர்களிடம் கேட்கிறேன்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடலில் இருக்கும்போது, முண்டுத் தலையும் நீண்ட துடுப்புமாக ஒன்றைப் பார்த்தால், எஞ்சினை வேகம் குறைத்து தள்ளியே நில்லுங்கள். அது முழுகப் போகும்போது வாலை மேலே தூக்கும். அந்த வாலின் அடிப்பக்கத்தை போனில் ஒரு படம் எடுங்கள், கருப்பு வெள்ளை அச்சு ஒவ்வொன்றுக்கும் நம் கைரேகை மாதிரி வேறு வேறாக இருக்கும். நாள், நேரம், ஜிபிஎஸ் எண் மூன்றையும் குறித்து வைத்து, கரைக்கு வந்ததும் மீன்வளத் துறையிலோ வனத்துறையிலோ கொடுங்கள். இந்தியாவின் மேற்குக் கரையிலும் இவற்றின் பாட்டு பதிவாகியிருக்கிறது, ஆகவே இங்கு வந்தது லுபான் ஒன்று மட்டும் இல்லை. அடுத்து வருவது எது என்று அந்த ஒரு படத்தை வைத்தே ஓமானில் இருப்பவர்களால் கண்டுபிடித்துவிட முடியும்.

நன்றி, வணக்கம்.