சுவர் எழும்போதே ஓவியரும் வரவேண்டும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ரயில் நிலையக் கலை என்றதும் எல்லோரும் அழகைப் பற்றிப் பேசத் தொடங்குவோம். இன்று தண்ணீரிலிருந்து தொடங்குவோம். பூமிக்கு அடியில் உள்ள சுவரில் என்றாவது ஒருநாள் நீர் கசியும். அந்த நீர் சிமென்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டதும் வெள்ளைப் படிவமாக இறுகும். சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொண்டு, ஈரத்தில் துருவேறிப் பழுப்புக் கோடுகளாக வழியும். அமிலம் தெளித்துக் கழுவினால் வெள்ளைப் படிவம் போய்விடும். கூடவே ஓடுகளுக்கு இடையில் அடைத்த சிமென்டும் அரித்துப் போகும். திறப்பு விழாவன்று பளிச்சென்று இருந்த சுவரோவியம் சில ஆண்டுகளிலேயே பாழாவது பெரும்பாலும் இப்படித்தான்.

பழி ஓவியர் மேல் விழுகிறது. அவரை எப்போது அழைத்தோம் என்று யாரும் கேட்பதில்லை. கட்டுமானம் முடிந்து, ஒயரும் குழாயும் இழுத்து, விளக்கும் பொருத்திய பிறகு ஒரு வெற்றுச் சுவரைக் காட்டி, "இதில் ஏதாவது செய்து கொடுங்கள்" என்றால் அவர் என்ன செய்வார்? நீர் எங்கே கசியும், கட்டட இணைப்பு எங்கே ஓடுகிறது, எந்தத் தகட்டைக் கழற்றினால் மின்பெட்டி வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. வரைபடம் மேசையில் இருக்கும்போதே ஓவியரும் அந்த மேசையில் இருக்கவேண்டும் என்பதே இன்று நான் வற்புறுத்த வந்தது.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் மெட்ரோ ரயிலைப் பாருங்கள். அங்கே 100 நிலையங்களில் 90-க்கும் மேற்பட்டவற்றில் கலைப்படைப்பு இருக்கிறது. 1975-ல் தொடங்கிய, நீலத் தடம் எனப்படும் மெட்ரோ பாதையில், பாறையைக் குடைந்தபின் அதை மறைத்துத் தனிச்சுவர் எழுப்பவில்லை. பாறையின் மேடுபள்ளத்தின் மீதே கான்கிரீட்டைப் பீய்ச்சி, அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். டி-சென்ட்ராலன் நிலையத்தில் பெர் ஓலோஃப் உல்ட்வெட் வெள்ளைப் பரப்பில் நீலக் கொடிகளைப் படரவிட்டார். பல தடங்கள் சந்திக்கும், எல்லோரும் விரைந்து ஓடும் இடம் அது. பரபரப்பைத் தணிக்கவே நீலம். அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்களும் அதே சுவரில் இருக்கின்றன. சொல்னா சென்ட்ரம் நிலையத்தில் பச்சைக் காட்டின் மேல் சிவந்த வானம் ஏறக்குறைய 1000 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. குங்ஸ்ட்ரட்கார்டன் நிலையத்திலோ பாறை பல இடங்களில் பாறையாகவே விடப்பட்டிருக்கிறது. நீர் கசிந்தாலும் அது காட்சியின் பகுதியாகிவிடுகிறது. நீரை மறைக்க முயன்று தோற்பதைவிட அதற்கு வழி விடுவது எவ்வளவு மேல்!

எல்லா ஊரிலும் கடினப் பாறை கிடைக்காது. மென்மண்ணில் கட்டும் நிலையங்களுக்கு வேறு வழி உண்டு. கலைத்தகட்டைச் சுவரில் ஒட்டாதீர்கள். துருப்பிடிக்காத எஃகுச் சட்டத்தில், சுவரிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். கசியும் நீர் பின்புறமாக இறங்கி அடியிலுள்ள வாய்க்காலில் சேரும். ஒவ்வொரு தகடும் தனித்தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். ஒன்றை எடுக்கப் பத்தைக் கழற்றவேண்டும் என்றால், பராமரிப்பு ஊழியர் ஒருநாள் அவசரத்தில் நெம்புகோலைத்தான் எடுப்பார்.

அடுத்தது தீ. 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் பற்றிய தீ 31 உயிர்களைக் கொண்டுபோனது. சுரங்க நிலையத்துக்குள் எரியும் பொருள் எதையும் எளிதில் அனுமதிக்கக்கூடாது என்ற கண்டிப்பு அதன்பின் மிகவும் இறுகியது. ஒட்டுப்பலகை, அக்ரிலிக், சாதாரண ஃபைபர் கிளாஸ், துணி எல்லாம் விலக்கப்பட்டன. மிஞ்சுவது சுட்ட ஓடு, கண்ணாடி மொசைக், கல், வெண்கலம், எனாமல் பூசிய எஃகு.

எனாமல் என்பது எஃகுத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸில் சுட்டு உருக்கிய பரப்பு. வண்ணம் மங்காது, தண்ணீர் விட்டுத் துடைக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: திருகாணித் துளைகளை எல்லாம் சுடுவதற்கு முன்பே போட்டுவிடவேண்டும். நிலையத்துக்கு வந்தபின் அளவு சரியில்லை என்று துளைபோட்டால் விளிம்பில் கண்ணாடி தெறிக்கும். அங்கே துரு நுழையும். நுழைந்த துரு எனாமலின் அடியிலேயே பரவித் தகட்டைக் கொப்பளிக்க வைக்கும். சுவரை நேரில் அளந்தபின்தான் தகடு வெட்டவேண்டும்; வரைபட அளவை நம்பி வெட்டக்கூடாது.

சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து உருவாக்கும் மொசைக்குக்கு வருவோம். பெரிய மொசைக்குகள் பெரும்பாலும் பட்டறையிலேயே தயாராகின்றன. ஓவியத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றித் தாளில் வரைவார்கள். கண்ணாடித் துண்டுகளை முகம் கீழே இருக்கும்படி அந்தத் தாளில் ஒட்டுவார்கள். பிறகு கையாளக்கூடிய அளவில் பகுதிகளாக வெட்டி எண்ணிட்டு, நிலையத்தில் ஈரச் சாந்தின்மேல் அழுத்தி, தாளை நனைத்து உரிப்பார்கள். அவசரப்பட்டு உரித்தால் துண்டுகளும் கூடவே வந்துவிடும். கட்டடம் விரியவும் சுருங்கவும் விடப்படும் இடைவெளியான விரிவிணைப்பு ஓடும் இடத்தில் மொசைக்கிலும் அதே கோட்டில் இடைவெளி விட்டே ஆகவேண்டும். அந்தக் கோடு எங்கே என்று ஓவியருக்கு முன்பே தெரிந்தால் இரண்டு உருவங்களுக்கு நடுவில் அதை வைத்துக்கொள்வார். தெரியாவிட்டால் ஒரு முகத்தின் குறுக்கே விரிசல் ஓடும்.

மாஸ்கோவின் மாயகோவ்ஸ்கயா நிலையம் 1938-ல் திறந்தது. கட்டடக் கலைஞர் அலெக்சி துஷ்கின் கூரையில் நீள்வட்டக் குழிவுகளை அமைத்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் அலெக்சாண்டர் டெய்னேகாவின் வான்காட்சி மொசைக் ஒன்று. விளக்குகள் அந்தக் குழிவுகளுக்குள்ளேயே இருக்கின்றன. கூரையின் வடிவமும் ஒளியும் படமும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை என்பதை அண்ணாந்து பார்த்தவுடன் உணரலாம். அந்த மொசைக்குகளை உருவாக்கிய விளாதிமிர் ஃப்ரோலோவ், பின்னாளில் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் அடுத்த நிலையங்களுக்கான மொசைக் வேலையைச் செய்தபடியே 1942-ல் உயிர் நீத்தார். அந்தப் பெயரை நாம் சொல்லாமல் போகக்கூடாது.

பணம் குறைவாக இருந்தால்? லிஸ்பன் மெட்ரோ 1959-ல் திறந்தபோது ஓவியர் மரியா கெய்ல் பெரும்பாலான நிலையங்களுக்கு ஓடுகளால் அருவ வடிவங்கள் அமைத்தார். எப்படியும் சுவருக்கு ஏதாவது பதிக்கத்தான் வேண்டும். அந்தப் பூச்சையே கலையாக்கிவிட்டால் தனிச்செலவு மிகக் குறைவு. மெக்சிகோ நகர மெட்ரோ 1969-ல் இன்னொரு வழி காட்டியது. வடிவமைப்பாளர் லான்ஸ் வைமனின் குழு ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் வரைந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் தம் நிலையத்தைக் கண்டு இறங்கலாம். நிலையக் கலையில் இதைவிட உயர்ந்த பணி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

எங்கே வைப்பது என்பதிலும் கவனம் தேவை. வழிநடையில் மனிதர் நொடிக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர் நடக்கிறார். 10 மீட்டர் ஓவியத்தை எட்டு நொடிக்குள் தாண்டிவிடுவார், அதுவும் சாய்வான கோணத்தில் பார்த்தபடி. அங்கே நுண்வேலை வீண். திரும்பத் திரும்ப வரும் பெரிய வடிவங்களே எடுபடும். நுண்வேலையை மக்கள் நின்று காத்திருக்கும் நடைமேடைக்குக் கொடுங்கள். நகரும் படிக்கட்டு முடியும் இடத்தில் கண்ணைக் கவரும் எதையும் வைக்கவே வேண்டாம். முன்னே இறங்குபவர் நின்று பார்ப்பார், பின்னால் வருபவர் அவர்மேல் மோதுவார். ஓட்டுநரின் பார்வையில் படும் இடத்தில் சிவப்பு, பச்சை ஒளி கூடாது, சிக்னலோடு குழப்பும். பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான மஞ்சள் தொடுதடத்தைப்போலத் தோன்றும் கோடு தரையில் எங்கும் வரக்கூடாது.

கை எட்டும் இடத்தில் உள்ளதைத் தொடுவார்கள். மாஸ்கோவின் ப்ளோஷ்சாத் ரெவல்யூட்சி நிலையத்தில் 76 வெண்கலச் சிலைகள் உண்டு. எல்லைக் காவலரின் நாயுடைய மூக்கை அதிர்ஷ்டத்துக்காகத் தடவித் தடவி மக்கள் பொன்போல ஆக்கிவிட்டார்கள். வெண்கலம் அதைத் தாங்கும். மேலே வண்ணம் பூசிய சிலை தாங்காது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலுள்ள டொலேதோ நிலையத்தை விட்டுவிட மனம் வரவில்லை. 2012-ல் திறந்த அந்த நிலையத்தில், கட்டடக் கலைஞர் ஆஸ்கர் டுஸ்கெட்ஸ் தெருவிலிருந்து ஆழம்வரை ஒரு கூம்புத் துளை இறக்கினார். நீல மொசைக்கின் ஊடாகப் பகலொளி பூமிக்குள் இறங்குகிறது. கட்டி முடித்த நிலையத்தில் இப்படி ஒரு துளையை யாராலும் சேர்க்க முடியாது.

கடைசியாக, ஒப்படைப்பு. லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் கலைஞர் எடுவார்டோ பாவ்லோட்ஸி 1980-களில் அமைத்த மொசைக்குகளில் சுமார் 95 விழுக்காட்டை, நிலையத்தை விரிவாக்கியபோது காப்பாற்றினார்கள். நகரும் படிக்கட்டின் மேலிருந்த வளைவுகள் அகற்றப்பட்டன; அவற்றின் துண்டுகள் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போயின. நிலையங்கள் நூறாண்டு நிற்கும், நடுவில் நிச்சயம் இடிபடும், விரியும். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஒவ்வொரு நிறத்திலும் பத்தில் ஒரு பங்கு உபரி ஓடுகள், ஓட்டின்மேல் பூசிய மெருகுக் கலவையின் குறிப்பு, எண்ணிட்ட வரைபடம், எந்தத் திரவத்தால் கழுவலாம் எதனால் கூடாது என்ற ஒரு பக்கக் குறிப்பு, ஆண்டுதோறும் சுத்தம் செய்ய ஒதுக்கிய தொகை, அதற்குப் பொறுப்பான பதவி. உபரி ஓடுகளை ஓவியரின் பட்டறையில் விட்டுவிடாமல், அந்த நிலையத்திலேயே, ஈரம் படாத அறையில், பெட்டியின் மேல் சுவரின் எண்ணை எழுதி வையுங்கள்.