ஏரி வற்றும்போது வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயிலில் நடக்கப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் விழுந்தது. ஆனாலும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சித்திரை, வைகாசியில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மழைக்காலத்தில் ஊரே திரண்டு வந்து பார்ப்பது தண்ணீரை. ஏரியைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்.

பல்லாவரத்தில் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்தால், வெயில் ஏறுமுன் குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். முருகன் கோயில் குன்றில் ஏறி நின்றால் கிழக்கே அடுக்குமாடிகள், மேற்கே ஏரி. மேற்கே நடந்தேன். பாதி வழி வரை கோழிக் கடையும் கம்பிக் கடையும் 'மனைகள் விற்பனைக்கு' பலகையும்தான். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏரிக்கு இந்தக் கரை கிழக்கே இருப்பதால் காலை வெயில் முதுகில் விழுகிறது. கண் கூசாமல் ஏரி தெரிகிறது. அலை அரிக்காமலிருக்க உள்சரிவில் கல் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் நின்று நின்று இறங்கிய கோடுகள் அந்தக் கல்லில் ஒன்றன்கீழ் ஒன்றாக, பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஆடை ஒட்டியதுபோல. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். 24 அடி என்றால் எவ்வளவு என்று எனக்கு உறைத்தது அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டு கீழே இறங்கியபோதுதான். 2015 டிசம்பரில் இங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி அடையாற்றுக்குப் போனது. அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் தண்ணீர்.

தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. இடுக்கில் வெளுத்த நத்தை ஓடுகள். தள்ளி எருமைகள் மேய்ந்தன. தலைக்கு மேல் ஓர் ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்தியது. விமானம் ஒன்று மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து போனபோதும் அதன் கத்தல்தான் காதில் விழுந்தது.

"அப்படியே நில்லுங்க சார்" என்றார் எருமை மேய்க்கும் பெரியவர். கோலால் காட்டினார். என் செருப்புக்கு இரண்டு சாண் தள்ளி, சரளைக் கல்லோடு கல்லாக, புள்ளி போட்ட நாலு முட்டைகள். கூடு என்று ஒரு துரும்பு கிடையாது, சின்னக் குழிவு மட்டும். வெயில் உறைத்தால் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும் பறவை இது.

"ஒரு வாரமா நானும் மாட்டை அந்தாண்டதான் ஓட்டுறேன். நீங்களும் சுத்திப் போங்க. தண்ணிப் பக்கம் வேணாம், மேலதான் காஞ்சிருக்கு, உள்ள சேறு."

சுற்றித்தான் போனேன்.

போகிறவர்கள் கையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், மதகுக் கதவுகள் பக்கம் போகாதீர்கள், எட்டரைக்குள் கரையேறிவிடுங்கள். திரும்பும் வழியில் புளியமரத்தடியில் நுங்கு வெட்டுகிறார்கள். இளசாகக் கேட்டு வாங்குங்கள். வாய் திறந்து கேட்காவிட்டால் முற்றல்தான் கைக்கு வரும். எனக்கு வந்தது.

வணக்கம்.