ஏ பக்கம், பி பக்கம்

வணக்கம் நேயர்களே. இலங்கையிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் குரல் பதிந்த ஒரு கெசட்டிலிருந்து தொடங்குகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வரிசையில் டேப் ரெக்கோடர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்கா 1988இல் குவைத்துக்குப் போனார். கடிதம் எழுத அவருக்குப் பழக்கமில்லை. கெசட்டில் பேசி, லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். வீட்டார் எங்கள் முன் அறையில் பாய் விரித்து உட்காருவார்கள். நானும் ஒட்டிக்கொள்வேன்.

ஏ பக்கம் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும். கொஞ்சம் அழுகை, கொஞ்சம் புத்திமதி, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பி பக்கம் அவருடைய அம்மாவுக்கு. அது முழுக்க வேலைதான். “அம்மா, சின்னவளுக்குப் பேன் பாருங்கோ. சீட்டுக் காசு பிந்த வேண்டாம். அவருக்கு இரவுச் சோறு சூடாக இருக்க வேணும்.” குவைத்தில் ஒரு வீடு, கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு, இரண்டையும் அக்காவே நடத்தினார். இங்கே அடுப்படி புருஷன் கைக்கு வரவில்லை, அறுபது வயது அம்மா கைக்குப் போனது. சொன்னதையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்: அம்மா கைக்குத்தான் போனது.

சரி, அந்த மனுஷனையும் குறை சொல்லிவிட முடியாது. காலையில் மகளுக்கு ரிபன் வைத்து இரட்டைப் பின்னல் போட்டது அவர்தான். பின்னி முடியும்வரை முன் கதவு சாத்தியிருக்கும். அயலார் பார்த்துவிடக் கூடாதாம்!

1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் கெசட் நின்றது. பழையதையே திரும்பத் திரும்பப் போட்டோம். ஜோர்தான் வழியாக அக்கா வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே சவூதிக்குப் போனார். கடன் அப்படியே இருந்ததே.

தொண்ணூறுகளில் இங்கிருந்து வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனவர்களில் பெண்களே அதிகம். ஆனால் 2013இல் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்று அரசாங்கத்தின் படிவம் வந்தபோது, வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணிடம்தான் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. 2022இல் அந்த வயதை 2 ஆக்கினார்கள். கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போகிற தகப்பனிடம் இந்தக் கேள்வி இல்லை. அக்காவின் பி பக்கம்தான் இப்போது படிவமாகியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். கனடாவுக்கும் லண்டனுக்கும் போன குடும்பங்களைப் பற்றி நிறையக் குறித்து வந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே இருவருக்கும் ஷிப்ட் வேலை, அம்மாவுக்கு விசாவும் கிடைக்கவில்லை என்றால், சோறு வடிக்கப் பழகிய ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். அதே ஆள் லீவில் வெள்ளவத்தைக்கு வந்ததும் கதிரையில் சாய்ந்துகொண்டு தேத்தண்ணி கேட்கிறார். அது ஏன் என்று விரித்துச் சொல்ல இன்னொரு நாள் கூப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.