முப்பது வயதுக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை எப்போது கிடைத்தது என்று கேட்டால் 1918 என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி மன்னரின் ஒப்புதலைப் பெற்ற மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஏறத்தாழ 84 லட்சம் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். ஆனால் ஆணுக்குச் சமமான வாக்குரிமை பெண்ணுக்குக் கிடைத்தது 1928இல். இடையில் ஓடிய பத்து ஆண்டுகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு முந்தைய காலத்தின் ஊர்வலங்களையும் சிறைவாசங்களையும் உண்ணாவிரதங்களையும் பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பத்து ஆண்டுகளைப் பேசுவோர் குறைவு. அரசியலில் ஒரு பாதி உரிமை எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதை எனக்குக் காட்டியது இந்தக் காலம்தான்.

1918ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொன்னது? ஆணுக்கு 21 வயது நிறைந்தால் போதும். போர்ப்பணி ஆற்றிய ஆண் என்றால் 19 வயதே போதும். பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். அதோடும் விடவில்லை. அவள் தன் பெயரில் ஒரு வீட்டிலோ, ஆண்டுக்கு ஐந்து பவுன் மதிப்புள்ள இடத்திலோ குடியிருக்க வேண்டும். அல்லது அப்படிப்பட்ட ஒருவரின் மனைவியாக இருக்க வேண்டும். பட்டதாரிகள் வாக்களிக்கும் பல்கலைக்கழகத் தொகுதிகளில் பட்டதாரிப் பெண்களுக்குத் தனியாக ஒரு வழி இருந்தது.

இந்த நிபந்தனைகள் யாரை வெளியே நிறுத்தின என்று பாருங்கள். எஜமானர் வீட்டிலேயே தங்கி வேலை செய்த பணிப்பெண்ணுக்கு வாக்கு இல்லை. பெற்றோருடன் வாழ்ந்த மணமாகாத மகளுக்கு, நாற்பது வயதானாலும் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்து, கட்டில் மேசையோடு வாடகைக்கு விடப்படும் அறையில் தங்கியிருந்த ஆசிரியைக்கும் தட்டச்சருக்கும் இல்லை. அறைக்கலன் அவளுடையதாக இருந்தால் அவள் குடியிருப்பவள். வீட்டுக்காரருடையதாக இருந்தால் சட்டத்தின் கண்ணில் அவள் யாருமே இல்லை.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். டிஎன்டி வெடிமருந்தைக் கையாண்டவர்களின் தோலும் முடியும் மஞ்சளாக மாறின. சிலர் அந்த நஞ்சினாலேயே இறந்தார்கள். பெண்களின் போர்க்கால உழைப்பைக் காட்டித்தான், அதுவரை வாக்குரிமையை எதிர்த்து வந்த முன்னாள் பிரதமர் ஆஸ்குவித் 1917இல் மனம் மாறியதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஆனால் அந்தத் தொழிற்சாலைப் பெண்களில் மிகப் பலர் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். அவர்கள் உழைப்பைச் சொல்லிப் பெற்ற உரிமை அவர்களுக்கே கிடைக்கவில்லை.

ஏன் முப்பது? பக்குவம், பொறுப்பு என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் எண்ணிக்கை. பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். போர் அந்த இடைவெளியை மேலும் கூட்டியது. 21 வயதில் எல்லாருக்கும் வாக்கு என்றால் பெண் வாக்காளர்களே பெரும்பான்மை ஆகிவிடுவார்கள். நாடாளுமன்ற அவைத்தலைவர் லோதர் தலைமையில் கூடிய மாநாடு முப்பதா, முப்பத்தைந்தா என்று யோசித்தது இந்த அச்சத்தினால்தான். முடிவில் மொத்த வாக்காளர்களில் பெண்கள் சுமார் நாற்பது சதவீதத்தோடு நின்றார்கள். மில்லிசென்ட் ஃபாசெட் போன்ற பெண் வாக்குரிமை இயக்கத் தலைவர்கள் இந்தக் குறையை அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள். கையில் வருவதை வாங்கிக்கொண்டு மீதிக்குப் போராடுவோம் என்பது அவர்கள் கணிப்பு. அன்றைய நிலையில் அது சரியான கணிப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் இளம் பெண்களும் ஏழைப் பெண்களும்.

அதே 1918 நவம்பரில் வந்த இன்னொரு சட்டம், 21 வயதான பெண் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடலாம் என்றது. ஆக, தேர்தலில் நிற்க 21, வாக்களிக்க 30! இந்த முரண்பாட்டின் உச்சம் 1929இல் வந்தது. ஜென்னி லீ என்ற சுரங்கத் தொழிலாளியின் மகள், ஸ்காட்லாந்தின் வடக்கு லானார்க்‌ஷயர் இடைத்தேர்தலில் வென்று 24 வயதில் உறுப்பினரானார். சம வாக்குரிமைச் சட்டம் அதற்குள் நிறைவேறியிருந்தது, புதிய வாக்காளர் பட்டியல் நடைமுறைக்கு வரவில்லை. அதனால் அவருக்கு அன்று வாக்கு இல்லை.

1918க்குப் பிறகு கூட்டங்கள் மெலிந்தன, பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விட்டன. ஆனாலும் பெண்கள் அமைப்புகள் ஓயவில்லை. 1919இல் தொழிற்கட்சி சம வாக்குரிமை கேட்டுக் கொண்டுவந்த மசோதா, அரசின் எதிர்ப்பையும் மீறிக் கீழவையில் தேறி, பிரபுக்கள் அவையில் தோற்றது. 1924இல் மற்றொரு மசோதா இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. அந்த ஆண்டே தேர்தல் வந்ததால் அது வீணாயிற்று. 1925 பிப்ரவரியில், நாடாளுமன்றத்தில் முதன்முதலில் அமர்ந்த பெண் உறுப்பினரான நான்சி ஆஸ்டர் விவாதத்தின் நடுவே குறுக்கிட்டுக் கேட்க, உள்துறை அமைச்சர் ஜாயின்சன் ஹிக்ஸ் அடுத்த தேர்தலில் ஆணும் பெண்ணும் சமமாக வாக்களிப்பார்கள் என்று அவையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். பெண்கள் அந்தச் சொல்லை விடவில்லை. 1926 ஜூலை 3ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கை நோக்கி ஏறத்தாழ 3,500 பெண்கள் ஊர்வலமாகச் சென்றார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் பெண்ணுரிமைப் போராளி ரோண்டா சீமாட்டி முக்கியமானவர்.

அமைச்சரவைக்குள் எதிர்ப்பு இருந்தது. நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் இதை விரும்பவில்லை. இருபாலருக்கும் 25 வயது என்று வைக்கலாமா என்று ஒரு யோசனை எழுந்தது. அப்படிச் செய்தால் ஏற்கெனவே வாக்குள்ள இளைஞர்களிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டிவரும் என்பதால் கைவிடப்பட்டது. வெளியே ராதர்மியர் பிரபுவின் டெய்லி மெயில் நாளிதழ், குட்டை முடி வெட்டிக்கொண்ட விளையாட்டுப் பெண்கள் கையில் நாட்டைக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஓயாமல் எழுதியது. வேலைக்குப் போகும் இளம் பெண்கள் தொழிற்கட்சிக்கு வாக்களித்துவிடுவார்கள் என்ற கவலை அந்தக் கூச்சலுக்குள் இருந்தது.

1928 மார்ச் 29ஆம் தேதி கீழவையில் சம வாக்குரிமை மசோதா இரண்டாம் வாசிப்புக்கு வந்தபோது ஆதரவு 387, எதிர்ப்பு வெறும் 10. பிரபுக்கள் அவையில் அன்றைய இந்தியா மந்திரி, அதாவது இந்திய நிர்வாகத்துக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர், பர்க்கன்ஹெட் பேசினார். வாழ்நாள் முழுதும் பெண் வாக்குரிமையை எதிர்த்தவர் அவர். உற்சாகம் வராவிட்டாலும், வேறு வழியில்லை என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஆதரியுங்கள் என்று சக பிரபுக்களைக் கேட்டுக்கொண்டார். ஜூலை 2ஆம் தேதி சட்டமாயிற்று. வாக்குரிமைப் போராட்டத்தின் தீவிரப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய எம்மெலின் பாங்கர்ஸ்ட் அதற்குப் பதினெட்டு நாள் முன்பு, ஜூன் 14ஆம் தேதி காலமாகியிருந்தார். மில்லிசென்ட் ஃபாசெட் இருந்தார். 1867இல் தத்துவ அறிஞரும் உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் பெண் வாக்குரிமைக்காக நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தபோது இளம் மனைவியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், 61 ஆண்டு கழித்து, எண்பது வயதைத் தாண்டி, அந்தப் போராட்டத்தின் முடிவையும் பார்த்தார்.

புதிதாக ஏறத்தாழ ஐம்பது லட்சம் பெண்கள் சேர்ந்தார்கள். எதற்கு அஞ்சினார்களோ அதுவே நடந்தது: பெண்கள் பெரும்பான்மை ஆனார்கள், 1929 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி அதிக இடம் பெற்றது, மார்கரெட் பாண்ட்ஃபீல்டு பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார். நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. பெண் உறுப்பினர்கள் மட்டும் 14 பேர்தான். பட்டதாரிகளுக்கும் வணிக இடம் வைத்திருந்தோருக்கும் கூடுதல் வாக்கு 1948 வரை நீடித்தது. பிரபுக்கள் அவைக் கதவு பெண்களுக்குத் திறந்தது 1958இல்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கணக்கு வந்தது. 1917இல் சென்னையில் அன்றைய இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்ட தூதுக்குழுவின் தலைவர் சரோஜினி நாயுடு. அந்தச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்த மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்தில் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். 1921இல் சென்னை மாகாணம், இந்திய மாகாணங்களில் முதலாவதாக, ஆண்களுக்குரிய அதே நிபந்தனையில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அந்த நிபந்தனை சொத்து. எத்தனை பெண்கள் பெயரில் அன்று சொத்து இருந்திருக்கும்? இலங்கையில் அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1928இல் பெண்களுக்கு அதே முப்பது வயதைத்தான் பரிந்துரைத்தது. பிரிட்டனில் சட்டம் மாறியதால் அங்கும் அது 21 ஆக இறங்கியது. 1931இல் இலங்கைப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் உட்பட, ஆண்களுக்குரிய அதே வயதில் வாக்காளர்களானார்கள்.

நன்றி, வணக்கம்.